நகர்மன்றக் கூட்டம்: வழக்கமான அலுவல்களும் நடைமுறையும்

நகர்மன்றக் கூட்டம் என்பது ஒரு நகராட்சியில் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட வார்டு உறுப்பினர்கள் ஒன்றுகூடி, நகரின் வரவு செலவு, குடிநீர், தூய்மைப் பணி, சாலை, தெருவிளக்கு, கடை ஏலம் முதலியவை குறித்துத் தீர்மானம் நிறைவேற்றும் கூட்டமாகும். பேரூராட்சிகளில் இதே பணியைப் பேரூராட்சி மன்றம் செய்கிறது. செய்தித்தாள்களில் இக்கூட்டங்கள் பெரும்பாலும் வெளிநடப்பு, வாக்குவாதம், தர்ணா ஆகியவற்றின் காரணமாகவே இடம்பெறுகின்றன. ஆனால் ஒரு கூட்டத்தின் பெரும்பகுதி இவற்றில் கழிவதில்லை. பிளீச்சிங் பவுடர் வாங்குவது, எரிந்துபோன மோட்டாரைச் சரிசெய்வது, பேருந்து நிலையக் கடையின் குத்தகையை நீட்டிப்பது போன்ற சிறு சிறு பொருள்களே வரிசையாக வாசிக்கப்பட்டு நிறைவேறுகின்றன.

இந்த வழக்கமான அலுவல்கள் சலிப்பூட்டுபவை. எனினும் நகர மக்கள் செலுத்தும் வரிப்பணம் எதற்குச் செலவாகிறது என்பதை மக்களின் பிரதிநிதிகள் பார்க்கும் இடம் இதுவே. தமிழ்நாட்டில் 2016 முதல் 2022 வரை எந்த நகரத்திலும் மன்றம் இல்லாதிருந்தது. மன்றத்தின் அன்றாட வேலை என்ன, அது இல்லாதபோது என்ன மாறுகிறது என்பதைப் புரிந்துகொள்ள அந்த ஆண்டுகள் உதவுகின்றன.

அமைப்பு

தமிழ்நாட்டின் நகர்ப்புற உள்ளாட்சிகள் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி என மூன்று வகைப்படும். 2022 பிப்ரவரியில் நடந்த தேர்தலின்போது 21 மாநகராட்சிகளும் 138 நகராட்சிகளும் 490 பேரூராட்சிகளும் இருந்தன. அவற்றில் இருந்த வார்டுகள் முறையே 1,374, 3,843, 7,621 ஆகும். அதாவது ஒரு நகராட்சிக்குச் சராசரியாக 28 உறுப்பினர்களும், ஒரு பேரூராட்சிக்கு 15 அல்லது 16 உறுப்பினர்களும் இருந்தனர். சிறு நகரத்தின் மன்றம் என்பது ஒரு வகுப்பறையில் அமரக்கூடிய அளவுள்ள அவைதான்.

ஒவ்வொரு வார்டிலிருந்தும் ஒருவர் நேரடித் தேர்தல் மூலம் உறுப்பினராகிறார். பேச்சு வழக்கில் இவர் கவுன்சிலர் எனப்படுகிறார். 2022-இல் உறுப்பினர்கள் தங்களுக்குள் ஒருவரைத் தலைவராகவும் மற்றொருவரைத் துணைத் தலைவராகவும் மறைமுகத் தேர்தலில் தேர்ந்தெடுத்தனர். மக்கள் தலைவரைச் சேர்மன் என்று அழைப்பது வழக்கம். உறுப்பினர் இடங்களில் பாதி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டுள்ளது. இதற்கான சட்டத் திருத்தம் 2016-இல் செய்யப்பட்டாலும், நகர்ப்புறங்களில் அது முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது 2022 தேர்தலில்தான்.

மன்றத்திற்கு இணையாக நகராட்சியின் நிர்வாகப் பிரிவு இயங்குகிறது. நகராட்சியில் ஆணையாளரும் பேரூராட்சியில் செயல் அலுவலரும் இதன் தலைமை அலுவலர்கள். இவர்கள் அரசால் பணியமர்த்தப்படுபவர்கள். மக்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர்கள் அல்லர். பொறியாளர், நகரமைப்பு ஆய்வாளர், துப்புரவு ஆய்வாளர், வருவாய் ஆய்வாளர், மேலாளர், கணக்கர் ஆகியோர் இவர்களின் கீழ் பணிபுரிகின்றனர். திட்டத்தைத் தயாரித்து முன்வைப்பதும், அனுமதி கிடைத்தபின் நிறைவேற்றுவதும் நிர்வாகத்தின் வேலை. முன்வைக்கப்பட்டதை ஆராய்ந்து அனுமதிப்பது அல்லது மறுப்பது மன்றத்தின் வேலை. இந்தப் பிரிவினை நினைவில் இருந்தால் கூட்ட நடைமுறை முழுவதும் எளிதில் விளங்கும்.

சட்டப் பின்னணி

தமிழ்நாட்டில் நகராட்சிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தோன்றின. 1882-இல் ரிப்பன் பிரபு கொண்டுவந்த தல சுயாட்சித் தீர்மானம், தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களுக்கு இடமளிக்கும் போக்கை வளர்த்தது. பின்னர் வந்த 1920-ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டம் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு காலம் நகர்மன்றங்களின் அடிப்படைச் சட்டமாக விளங்கியது. பிற்காலத்தில் நாடறிந்த தலைவர்களானோர் சிலர் நகராட்சிப் பணியின் வழியே வந்தவர்கள். ராஜாஜி 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சியின் தலைவராக இருந்தார். பெரியார் ஈரோடு நகராட்சியின் தலைவராகப் பணியாற்றினார். காமராசர் 1941-இல் சிறையில் இருந்தபோதே விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். விடுதலையான பின் அப்பதவியிலிருந்து விலகினார்.

1992-இல் நிறைவேறி 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 74-ஆவது திருத்தம், நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு அரசியலமைப்பில் இடமளித்தது. மன்றத்தின் பதவிக்காலம் ஐந்து ஆண்டுகள் என்றும், அக்காலம் முடிவதற்குள் அடுத்த தேர்தல் நடத்தப்பட வேண்டும் என்றும் அது கூறுகிறது. நகராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 18 பணிகளைப் பன்னிரண்டாவது அட்டவணை பட்டியலிடுகிறது. இவை அனைத்தும் நகராட்சிகளிடம் வந்துவிடவில்லை. எடுத்துக்காட்டாக, தீயணைப்பு அப்பட்டியலில் இருந்தாலும் தமிழ்நாட்டில் அதை மாநில அரசின் தனித் துறையே கவனிக்கிறது. 1998-இல் இயற்றப்பட்டு நீண்ட காலம் நிறுத்திவைக்கப்பட்டிருந்த தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சிகள் சட்டம், திருத்தங்களுடனும் புதிய விதிகளுடனும் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது.

கூட்டத்திற்கு முன்: அஜெண்டா

கூட்டத்தில் பேசப்பட வேண்டியவற்றின் பட்டியல் நிகழ்ச்சி நிரல் அல்லது கூட்டப்பொருள் எனப்படும். அலுவலகத்திலும் உறுப்பினர்களிடையிலும் வழங்கும் சொல் அஜெண்டா. மன்றம் மாதத்திற்கு ஒரு முறையேனும் கூட வேண்டும் என்றும், கூட்டத்தின் நாள், நேரம், பொருள் ஆகியவற்றை முழுமையாக மூன்று நாள்கள் இடைவெளி இருக்குமாறு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்றும் 1920-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது. மிக அவசரமான நேரங்களில் குறைந்த கால அறிவிப்பில் அவசரக் கூட்டம் கூட்டவும் அது இடமளித்தது.

இந்த மூன்று நாள் விதி சிறியதாகத் தோன்றினாலும் முக்கியமானது. ஒரு சாலைப் பணி அஜெண்டாவில் வந்தால், அந்த வார்டின் உறுப்பினர் தெருவுக்குச் சென்று பார்க்கவும், சென்ற ஆண்டுதான் அச்சாலை போடப்பட்டதா என்று விசாரிக்கவும், கூட்டத்தில் கேள்வி எழுப்பவும் இந்த இடைவெளியே உதவுகிறது. அஜெண்டா கூட்டத்தன்று காலையில் கையில் கிடைத்தால், உறுப்பினர் அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே தீர்மானங்கள் நிறைவேறிவிடும். அஜெண்டா தாமதமாக வந்தது என்ற குறை மன்றங்களில் அடிக்கடி எழுவதற்கு இதுவே காரணம்.

அஜெண்டாவில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் உண்டு. அதன்கீழ்ப் பணியின் விவரம், மதிப்பீட்டுத் தொகை, எந்த நிதியிலிருந்து செலவிடப்படும் என்பது முதலியவை எழுதப்பட்டிருக்கும். இறுதியில் "மன்றத்தின் பார்வைக்கும் அனுமதிக்கும் வைக்கப்படுகிறது" என்ற வாக்கியம் வரும். அதைத் தொடர்ந்து அலுவலகக் குறிப்பு இடம்பெறும். இக்குறிப்பு நிர்வாகத்தின் பரிந்துரையைச் சொல்கிறது. அஜெண்டாவைப் படிக்கப் பழகுபவர்கள் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம்: எவ்வளவு தொகை? எந்த நிதி? இனிமேல் செய்ய வேண்டிய பணியா, ஏற்கெனவே செய்து முடித்த பணியா?

கூட்ட நடைமுறை

கூட்டம் பொதுவாகத் தமிழ்த்தாய் வாழ்த்துடன் தொடங்குகிறது. மறைந்த தலைவர்களுக்கோ உறுப்பினர்களுக்கோ இரங்கல் தீர்மானம் இருந்தால் அது முதலில் எடுத்துக்கொள்ளப்படும். பின்னர் உறுப்பினர்கள் தங்கள் வார்டின் குறைகளைப் பேசுவர். குடிநீர் வரும் நேரம், அடைத்துக்கொண்ட சாக்கடை, எரியாத தெருவிளக்கு, தெருநாய்த் தொல்லை ஆகியவை ஏறத்தாழ எல்லா ஊர்களிலும் எல்லாக் கூட்டங்களிலும் கேட்கும் பேச்சுகள். தலைவரோ உரிய அலுவலரோ பதிலளிப்பார். அதன்பின் அஜெண்டாவில் உள்ள பொருள்கள் ஒவ்வொன்றாக வாசிக்கப்படும்.

கூட்டம் செல்லுபடியாக வேண்டுமெனில் குறிப்பிட்ட அளவு உறுப்பினர்கள் வந்திருக்க வேண்டும். இந்தக் குறைந்தபட்ச எண்ணிக்கை கோரம் எனப்படும். 1920-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இது மூன்றில் ஒரு பங்காக இருந்தது. முடிவுகள் பெரும்பான்மை வாக்கால் எடுக்கப்படும். வாக்குகள் சமமானால் தலைமை வகிப்பவர் கூடுதலாக ஒரு வாக்கு அளிக்கலாம். நடைமுறையில் வாக்கெடுப்பு அரிதாகவே நடக்கிறது. எதிர்ப்பு எழாத பொருள்கள் ஒருமனதாக நிறைவேறியதாகக் கொள்ளப்படும். எதிர்ப்பவர்கள் தங்கள் எதிர்ப்பைப் பதிவு செய்யக் கோரலாம். வெளிநடப்பு செய்தால் செய்தியில் இடம் கிடைக்கும். ஆனால் எதிர்த்து அளித்த வாக்காக அது தீர்மானப் புத்தகத்தில் பதிவாகாது. அவையில் அமர்ந்து எதிர்ப்பைப் பதிவு செய்வதே பின்னாளில் சான்றாக நிற்கும்.

ஒவ்வொரு பொருளின் முடிவும் தீர்மானப் புத்தகத்தில் எழுதப்படுகிறது. இது மினிட் புத்தகம் என்றும் அழைக்கப்படும். முடிவைக் குறிக்கும் சொற்கள் பழக்கத்தில் நிலைபெற்றவை. "அனுமதிக்கப்பட்டது" என்றால் செலவுக்கோ பணிக்கோ ஒப்புதல் கிடைத்துவிட்டது என்று பொருள். "பதிவு செய்யப்பட்டது" என்றால் தகவல் மன்றத்தின் கவனத்திற்கு வந்தது என்று மட்டுமே பொருள். "ஒத்திவைக்கப்பட்டது" என்றால் மேலும் விவரம் தேவை அல்லது உடன்பாடு ஏற்படவில்லை என்று பொருள். தீர்மான எண்ணும் நாளும் இட்டுத் தலைவர் கையொப்பமிட்ட பின் அது அலுவலக நடவடிக்கைக்குச் செல்கிறது. சட்டத்திற்குப் புறம்பான தீர்மானத்தை நிறுத்திவைக்கவோ நீக்கவோ அரசுக்கு அதிகாரம் உண்டு.

உறுப்பினர்கள் கூட்டத்திற்கு வருவது அவர்களின் கடமை. தொடர்ந்து மூன்று மாதங்கள் கூட்டங்களுக்கு வராத உறுப்பினர் பதவியை இழக்கலாம் என்பது 1920-ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி. நீண்ட காலம் உறுப்பினர்களுக்குக் கூட்டத்திற்கான அமர்வுப் படி மட்டுமே கிடைத்து வந்தது. 2023 ஜூலை முதல் மாத மதிப்பூதியம் வழங்கப்படுகிறது. நகராட்சி உறுப்பினருக்கு 5,000 ரூபாய், பேரூராட்சி உறுப்பினருக்கு 2,500 ரூபாய் என அது நிர்ணயிக்கப்பட்டது.

பெண் உறுப்பினர்களுக்குப் பதிலாக அவர்களின் கணவரோ உறவினரோ அலுவலகத்தில் தலையிடுவது பல ஊர்களில் பேசப்படும் சிக்கல். ஆனால் மன்றக் கூட்டத்தில் அமரவும் பேசவும் வாக்களிக்கவும் உறுப்பினருக்கு மட்டுமே உரிமை உண்டு. அந்த வகையில் ஒரு பெண் உறுப்பினர் தம் குரலைத் தாமே பதிவு செய்வதற்கு உறுதியான இடம் மன்றக் கூட்டம்தான்.

அஜெண்டாவில் வரும் பொருள்கள்

சிறு நகரத்தின் அஜெண்டாவில் பெரும்பாலும் காணப்படும் பொருள்களைச் சில வகைகளாகப் பிரிக்கலாம்.

குடிநீர்: குளோரின், பிளீச்சிங் பவுடர் வாங்குதல், மோட்டார் பழுதுபார்த்தல், குழாய் உடைப்புகளைச் சரிசெய்தல், புதிய இணைப்புகளுக்கு அனுமதி ஆகியவை இதில் அடங்கும். பல ஊர்களுக்குத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் கூட்டுக் குடிநீர்த் திட்டம் மூலம் தண்ணீர் வருகிறது. அதற்கான கட்டணத்தை உள்ளாட்சி அமைப்பு வாரியத்திற்குச் செலுத்த வேண்டும்.

பொது சுகாதாரம்: தூய்மைப் பணியாளர்களை ஒப்பந்த முறையில் அமர்த்துதல், குப்பை வண்டிகளுக்கு டீசல் மற்றும் பழுதுச் செலவு, கொசு ஒழிப்புப் பணியாளர்களுக்கான ஊதியம், உரக்கிடங்குப் பராமரிப்பு, நாய்களுக்குக் கருத்தடை செய்தல் முதலியவை இவ்வகையில் வரும். பிறப்பு, இறப்புப் பதிவு விவரங்களும் மன்றத்தின் பார்வைக்கு வைக்கப்படுவதுண்டு.

குத்தகையும் ஏலமும்: பேருந்து நிலையக் கடைகள், வாரச்சந்தை, சைக்கிள் ஸ்டாண்டு, கட்டணக் கழிப்பறை, ஆடு அடிக்கும் தொட்டி ஆகியவை ஏலத்தில் விடப்படுகின்றன. சிறு நகராட்சிகளுக்கு இவை முக்கியமான வருவாய். ஏலம் போகாத கடையும், வாடகை பாக்கி வைத்திருக்கும் கடைக்காரரும் அஜெண்டாவில் மீண்டும் மீண்டும் வருவர்.

பொறியியல் பணிகள்: தார்ச்சாலை, சிமெண்ட் சாலை, பேவர் பிளாக், மழைநீர் வடிகால், பாலம், தெருவிளக்கு ஆகியவற்றுக்கான மதிப்பீடுகளும் ஒப்பந்தப்புள்ளிகளும் இதில் அடங்கும். டெண்டர் விடுவதற்குத் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டம், 1998 பொருந்தும்.

நகரமைப்பு: பெரிய மனைப்பிரிவுகளில் பூங்கா, விளையாட்டிடம் போன்ற பொதுப் பயன்பாட்டிற்காக 10 சதவீத நிலம் ஒதுக்கப்பட வேண்டும். அந்த நிலத்தையும் மனைப்பிரிவுச் சாலைகளையும் உள்ளாட்சி அமைப்பு தானப் பத்திரம் மூலம் பெற்றுக்கொள்வது மன்றத்திற்கு வரும் பொருள்களில் ஒன்று. ஒரு வரியில் முடிந்துவிடும் இத்தகைய தீர்மானமே, இருபது ஆண்டுகள் கழித்து அந்த இடம் பூங்காவா தனியார் மனையா என்ற வழக்கு வரும்போது ஆதாரமாகிறது.

ஒரு பொருள் கடந்து செல்லும் வழி

நடைமுறையை விளக்க ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனையாக எடுத்துக்கொள்ளலாம். ஒரு நகரின் தலைமை நீரேற்று நிலையத்தில் மோட்டார் எரிந்துவிடுகிறது. அன்று மாலையே மேல்நிலைத் தொட்டிகள் காலியாகிவிடும். அடுத்த மன்றக் கூட்டத்திற்கு இன்னும் மூன்று வாரங்கள் உள்ளன. மக்களால் மூன்று வாரங்கள் காத்திருக்க முடியாது.

இத்தகைய நேரத்தில் பொறியாளர் பழுதுச் செலவை மதிப்பிட்டுக் குறிப்பு எழுதுகிறார். ஆணையாளர் அதைத் தலைவரிடம் வைக்கிறார். தலைவர், மன்றத்தின் ஒப்புதலை எதிர்பார்த்து முன் அனுமதி அளிக்கிறார். விலைப்புள்ளிகள் பெறப்பட்டு, குறைந்த விலை கூறியவருக்கு வேலை உத்தரவு தரப்படுகிறது. மோட்டார் சரியாகி ஊருக்குத் தண்ணீர் வருகிறது. செய்த வேலை அளவுப் புத்தகத்தில் பதிவாகிப் பட்டியல் தயாராகிறது. அடுத்த கூட்டத்தில் இது ஒரு பொருளாக வந்து, செய்த செலவுக்கு மன்றம் பின்னேற்பு வழங்குகிறது.

இந்த வழி தேவையானதுதான். தண்ணீர் நிற்கும்போது விதிமுறை பேசிக்கொண்டிருக்க இயலாது. ஆனால் இதே வழியில் அவசரமில்லாத பணிகளும் நுழைய முடியும். ஓர் அஜெண்டாவில் ஒன்றிரண்டு பின்னேற்புகள் இருந்தால் அது இயல்பு. பாதிப் பொருள்கள் ஏற்கெனவே முடிந்த வேலைகளாக இருந்தால், மன்றம் முடிவெடுக்கும் இடமாக இல்லாமல் கையொப்பமிடும் இடமாக மாறிவிட்டது என்று பொருள். ஒரே மோட்டார் ஆண்டுக்கு நான்கு முறை பழுதாவதாக வந்தால், புதிய மோட்டார் வாங்குவது சிக்கனமா என்று ஓர் உறுப்பினர் கேட்க வேண்டும். அக்கேள்வியைக் கேட்பதற்குப் பொறியியல் அறிவு தேவையில்லை. பழைய அஜெண்டாக்களைச் சேர்த்து வைத்திருந்தாலே போதும்.

மன்றத்தின் பார்வை தணிக்கைக்கு மாற்றல்ல. உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை கணக்குகளை ஆராய்ந்து, விதிமீறல் இருந்தால் தணிக்கைத் தடை எழுப்பும். ஆனால் தணிக்கை, பணம் செலவான பின் வருவது. மன்றக் கூட்டம், பெரும்பாலான பணிகளில் பணம் செலவாகும் முன் வருவது. முன்னதாகக் கேட்கப்படும் ஒரு கேள்வி, பின்னாளில் எழுதப்படும் பல தடைகளைத் தவிர்க்கக்கூடியது.

வரியும் நிதியும்: மன்றத்தின் எல்லைகள்

நகராட்சியின் சொந்த வருவாய் சொத்து வரி, காலிமனை வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், பாதாளச் சாக்கடைக் கட்டணம், கடை வாடகை ஆகியவற்றிலிருந்து வருகிறது. சொத்து வரி ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என இரு அரையாண்டுகளாகச் செலுத்தப்படுகிறது. தொழில் வரிக்கு அரசியலமைப்பே உச்சவரம்பு வைத்துள்ளது. ஒருவரிடம் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் பெற முடியாது. சொந்த வருவாய் போதாத சிறு ஊர்கள் மாநில நிதிக் குழு மானியத்தையும் மத்திய நிதிக் குழு மானியத்தையும் பெரிதும் நம்பியிருக்கின்றன.

மானியங்களைச் செலவிடுவதிலும் மன்றத்திற்கு முழுச் சுதந்திரம் இல்லை. பதினைந்தாவது நிதிக் குழு, சிறு நகரங்களுக்கான மானியத்தில் 60 சதவீதத்தை நிபந்தனைக்குட்பட்டதாக்கியது. அதில் பாதி குடிநீர் சார்ந்த பணிகளுக்கும் பாதி தூய்மை, திடக்கழிவு மேலாண்மைப் பணிகளுக்கும் செலவிடப்பட வேண்டும். எஞ்சிய 40 சதவீதத்தையும் ஊதியச் செலவுக்குப் பயன்படுத்த முடியாது.

2022 ஏப்ரலில் நடந்த சொத்து வரி உயர்வு, மன்றத்தின் எல்லையைத் தெளிவாகக் காட்டியது. உறுப்பினர்கள் பதவியேற்று ஒரு மாதம்கூட முழுமையாக நிறைவடைந்திராத நிலையில் அரசு வரிச் சீராய்வை அறிவித்தது. நகராட்சிகளிலும் பேரூராட்சிகளிலும் 600 சதுர அடி வரையிலான குடியிருப்புகளுக்கு 25 சதவீதமும், 601 முதல் 1,200 சதுர அடி வரை 50 சதவீதமும், 1,201 முதல் 1,800 சதுர அடி வரை 75 சதவீதமும், அதற்கு மேல் 100 சதவீதமும் உயர்வு என அறிவிக்கப்பட்டது. பதினைந்தாவது நிதிக் குழுவின் மானிய நிபந்தனை காரணமாகக் கூறப்பட்டது. அளவை அரசு முடிவு செய்தது. அதை ஏற்கும் தீர்மானங்கள் மன்றங்களில் வைக்கப்பட்டன. எதிர்க்கட்சி உறுப்பினர்கள் பல இடங்களில் வெளிநடப்பு செய்தனர்.

எனவே மன்றம் தான் விரும்பியதையெல்லாம் செய்யக்கூடிய அமைப்பல்ல. மேலிருந்து வரும் விதிகளுக்கும் கீழிருந்து வரும் கோரிக்கைகளுக்கும் நடுவே அது நிற்கிறது. எந்தத் தெருவுக்கு முதலில் சாலை, எந்த வார்டுக்கு முதலில் குழாய், எந்தக் கடைக்கு எவ்வளவு வாடகை என்பவை அதன் கைக்குள் இருக்கும் முடிவுகள். நகர மக்களின் நாள்தோறும் நிகழும் வாழ்க்கையை இவைதாம் தொடுகின்றன.

மன்றம் இல்லாத ஆண்டுகள்: 2016–2022

2011-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி உறுப்பினர்களின் பதவிக்காலம் 2016 அக்டோபர் 24-இல் முடிந்தது. அம்மாதம் 17, 19 ஆகிய நாள்களில் தேர்தல் நடப்பதாக இருந்தது. இடஒதுக்கீடு தொடர்பான வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் அக்டோபர் 4 அன்று தேர்தல் அறிவிப்பை ரத்து செய்தது. அதன்பின் வார்டு மறுவரையறை, வழக்குகள், பின்னர் கொரோனா பரவல் என்று காலம் நீண்டது. ஊரகப் பகுதிகளில் 27 மாவட்டங்களுக்கு 2019 டிசம்பரில் தேர்தல் நடந்தது. நகர்ப்புறங்கள் 2022 பிப்ரவரி 19 வரை காத்திருந்தன. புதிய உறுப்பினர்கள் மார்ச் 2-இல் பதவியேற்றனர். மார்ச் 4-இல் மேயர், தலைவர் பதவிகளுக்கான மறைமுகத் தேர்தல் நடந்தது.

இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளுக்கும் மேலான காலத்தில் தனி அலுவலர்கள் மன்றத்தின் அதிகாரத்தைச் செலுத்தினர். நகராட்சிகளில் ஆணையாளரே தனி அலுவலராகவும் இருந்தார். அப்போதும் பணிகள் நின்றுவிடவில்லை. குடிநீர் வந்தது, குப்பை அள்ளப்பட்டது, டெண்டர்கள் விடப்பட்டன, தீர்மானங்களும் எழுதப்பட்டன. மாறியது ஒன்றுதான்: பொருளை முன்வைப்பவரும் அதை அனுமதிப்பவரும் ஒருவராகவே இருந்தார். ஓர் அலுவலர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், தாம் எழுதிய குறிப்பைத் தாமே குறுக்குக் கேள்வி கேட்க முடியாது. மூன்று நாள் அறிவிப்பு, கோரம், எதிர்ப்பைப் பதிவு செய்தல் ஆகிய அனைத்தும் இரு தரப்பு இருக்கிறது என்ற அடிப்படையில் உருவானவை. ஒரு தரப்பு இல்லாதபோது அவை வெறும் படிவங்களாகிவிட்டன.

இழப்பு பணமாகவும் இருந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்புகளுக்கே மானியம் என்ற நிபந்தனையின்படி, தேர்தல் நடக்காத காலத்தில் மத்திய நிதிக் குழு மானியம் தமிழ்நாட்டின் உள்ளாட்சிகளுக்கு நிறுத்திவைக்கப்பட்டது. வார்டு மக்களுக்கோ வேறொரு வகை இழப்பு. தெருவிளக்கு எரியவில்லை என்றால் யாரிடம் சொல்வது என்ற கேள்விக்கு அதுவரை ஒரு முகம் இருந்தது. அந்த ஆண்டுகளில் அது ஒரு மனு எண்ணாக மாறியது.

பொதுமக்களின் பங்கு

நகர்மன்றக் கூட்டம் பொதுமக்கள் பார்வையிடத் திறந்திருக்க வேண்டும் என்பதும், குறிப்பிட்ட காரணத்தைப் பதிவு செய்த பின்னரே வெளியாரை விலக்கலாம் என்பதும் 1920-ஆம் ஆண்டுச் சட்டத்தின் நிலை. நடைமுறையில் செய்தியாளர்களே பெரும்பாலும் பார்வையாளர்களாக இருக்கின்றனர். தீர்மான நகல்கள், அஜெண்டா, மதிப்பீடு, பட்டியல் ஆகியவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன்கீழ் 10 ரூபாய் கட்டணத்துடன் கூடிய மனுவின் மூலம் கேட்டுப் பெறலாம். 30 நாள்களுக்குள் பதில் தரப்பட வேண்டும்.

வார்டு குழு, பகுதி சபை ஆகியவற்றுக்கான விதிகள் 2022-இல் வெளியிடப்பட்டன. கிராம சபையைப் போல நகரத்திலும் மக்கள் கூடித் தங்கள் பகுதியின் தேவைகளைச் சொல்வதற்கான ஏற்பாடு இது. பகுதி சபையில் சொல்லப்படும் கோரிக்கை உறுப்பினர் வழியாக அஜெண்டாவுக்கு வந்தால்தான் அது பணியாக மாறும். அந்த வகையில் பகுதி சபையும் மன்றக் கூட்டமும் ஒரே சங்கிலியின் இரு வளையங்கள்.

குடிமையியல் படிக்கும் மாணவர்கள் தங்கள் ஊரின் கடந்த ஆண்டுத் தீர்மானங்களைப் பெற்று, மூன்று பட்டியல்கள் தயாரித்துப் பார்க்கலாம்: எந்த வார்டுக்கு எத்தனை பணிகள் அனுமதிக்கப்பட்டன, எத்தனை பொருள்கள் பின்னேற்பாக வந்தன, எத்தனை பொருள்களில் எதிர்ப்புப் பதிவானது. ஒரு நகரம் எப்படி ஆளப்படுகிறது என்பதை இப்பட்டியல்கள் தேர்தல் மேடைப் பேச்சுகளைவிடத் தெளிவாகக் காட்டும்.